வங்கி, பாஸ்போர்ட், ரயில் டிக்கெட்: அடிக்கடி போகும் தளங்களுக்கு டெஸ்க்டாப் ஷார்ட்கட் போடுவது எப்படி? ஏன் அவசியம்?

உங்கள் வங்கியின் நெட் பேங்கிங் பக்கத்துக்கு கடைசியாக எப்படிப் போனீர்கள்? பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான்: கூகுளைத் திறந்து, வங்கியின் பெயரையும் 'லாகின்' என்ற வார்த்தையையும் டைப் செய்து, மேலே எது வருகிறதோ அதைக் கிளிக் செய்வது. நூறு முறை செய்தாலும் நூறு முறையும் சரியான பக்கம் வந்துவிடும் என்றுதான் நினைக்கிறோம்.

ஆனால், தேடல் முடிவுகளில் மேலே வருவது சில நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருக்கலாம். சில நேரம் வங்கியின் பக்கத்தை அப்படியே காப்பியடித்துச் செய்த போலிப் பக்கமாகவும் இருக்கலாம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் பெயரில் இயங்கும் போலித் தளங்கள் பற்றி வெளியுறவு அமைச்சகமே மக்களை எச்சரித்திருக்கிறது. அந்தத் தளங்களின் முகவரிகளில் 'பாஸ்போர்ட்', 'இந்தியா', 'சேவா' போன்ற வார்த்தைகள் எல்லாம் சரியாகவே இருக்கும். அவசரத்தில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. சரியான முகவரியை ஒரே ஒரு முறை பொறுமையாகச் சரிபார்த்து, அதற்கு ஒரு ஷார்ட்கட்டை டெஸ்க்டாப்பில் போட்டு வைப்பது. அடுத்த முறையிலிருந்து தேடவே வேண்டாம். டபுள் கிளிக் செய்தால் போதும். ஷார்ட்கட் என்றால் நேரத்தை மிச்சப்படுத்தும் வசதி என்றுதான் நமக்குத் தெரியும். பணம் சம்பந்தப்பட்ட தளங்களுக்கு அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடும்கூட.

எவ்வளவு பெரிய பிரச்னை இது?

சைபர் மோசடிகளில் இந்தியர்கள் 2024-ல் இழந்த தொகை சுமார் 22,845 கோடி ரூபாய் என்று மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2023-ல் இது சுமார் 7,465 கோடி. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு.

இந்தத் தொகை முழுவதும் போலி வெப்சைட்டால் போனதல்ல. போலி முதலீட்டுத் திட்டங்கள், 'டிஜிட்டல் கைது' மிரட்டல்கள், போலி அழைப்புகள் என்று எல்லாம் சேர்ந்த கணக்கு இது. அதனால் ஒரு ஷார்ட்கட் போட்டுவிட்டால் எல்லா மோசடியும் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேடலில் வழி தவறிப் போலிப் பக்கத்தில் போய் விழுகிற அந்த ஒரு ஓட்டையை அது அடைக்கும். அந்த வேலைக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும், செலவும் கிடையாது.

ஷார்ட்கட்டுக்குள் என்னதான் இருக்கிறது?

டெஸ்க்டாப்பில் தெரியும் ஐகான் உண்மையில் ஒரு குட்டி ஃபைல். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒரு வெப்சைட் ஷார்ட்கட்டை நோட்பேடில் திறந்து பார்த்தால், 'இன்டர்நெட் ஷார்ட்கட்' என்று ஒரு தலைப்பும், அதன் கீழே 'யுஆர்எல்' என்று தொடங்கி அந்தத் தளத்தின் முழு முகவரியும் இருக்கும். கூடவே ஐகான் பற்றிய ஓரிரு வரிகள் இருக்கலாம். அவ்வளவுதான்.

வெப்சைட்டோ உங்கள் கணக்கோ பாஸ்வேர்டோ அதற்குள் இல்லை. அதனால் ஷார்ட்கட்டை அழித்தால் எதுவும் போய்விடாது. முகவரி எழுதிய துண்டுச் சீட்டைக் கிழித்துப் போடுவது மாதிரிதான். சீட்டில் எழுதியது தப்பான முகவரி என்றால், ஒவ்வொரு முறையும் தப்பான வீட்டுக்குத்தான் போய் நிற்போம். ஆகவே, ஷார்ட்கட் போடுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலைதான் முக்கியமானது.

முதல் வேலை: சரியான முகவரியைக் கண்டுபிடிப்பது

இந்தக் கட்டுரையில் முகவரிகளைத் தமிழில் எழுதியிருக்கிறோம். பிரவுசரில் அவற்றை ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும். 'டாட்' என்று வரும் இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும்.

வங்கிகள்: ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் ஒரு உத்தரவு போட்டது. எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்பதுதான் அது. இந்த வகை முகவரியை யார் வேண்டுமானாலும் வாங்க முடியாது. ஹைதராபாத்தில் உள்ள, ரிசர்வ் வங்கி நிறுவிய ஐடிஆர்பிடி என்ற அமைப்புதான் இவற்றைப் பதிவு செய்து தருகிறது, அதுவும் வங்கிகளுக்கு மட்டும். ஆகவே, உங்கள் வங்கியின் நெட் பேங்கிங் பக்கம் இப்படி முடிகிறதா என்று பார்ப்பது நல்ல முதல் சோதனை. முடியாவிட்டால், பக்கத்தில் உள்ள கிளையில் கேட்டு உறுதி செய்த பிறகு ஷார்ட்கட் போடுங்கள்.

அரசுத் தளங்கள்: மத்திய, மாநில அரசுத் தளங்களில் பெரும்பாலானவை 'டாட் கவ் டாட் இன்' என்று முடியும். இதுவும் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். ஆதார் என்றால் 'யுஐடிஏஐ டாட் கவ் டாட் இன்', வருமான வரிக் கணக்குத் தாக்கல் என்றால் 'இன்கம்டேக்ஸ் டாட் கவ் டாட் இன்', பாஸ்போர்ட் என்றால் 'பாஸ்போர்ட்இந்தியா டாட் கவ் டாட் இன்'. வேறு துறையின் தளம் வேண்டுமென்றால், அரசு இணையதளங்களைப் பட்டியலிடும் 'ஐஜிஓடி டாட் கவ் டாட் இன்' தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

ரயில் டிக்கெட்: இங்கேதான் கொஞ்சம் கவனம் வேண்டும். ஐஆர்சிடிசியின் முகவரி 'ஐஆர்சிடிசி டாட் கோ டாட் இன்'. இந்த 'டாட் கோ டாட் இன்' என்ற முடிவை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அதனால் முடிவை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு முன்னால் உள்ள பெயரில் ஒவ்வொரு எழுத்தும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனியார் நிறுவனங்களின் தளங்கள் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

முகவரியை எப்படிப் படிப்பது?

முகவரியின் தொடக்கத்தில் 'எச்டிடிபிஎஸ்' என்பதற்குப் பிறகு இரண்டு சாய்கோடுகள் வரும். அதைத் தாண்டி, அடுத்ததாக வரும் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து வலமிருந்து இடமாகப் படித்துக்கொண்டு வாருங்கள். கோட்டை ஒட்டி இருக்கும் பெயர்தான் தளத்தின் உண்மையான சொந்தக்காரரைக் காட்டும்.

ஏன் இப்படித் தலைகீழாகப் படிக்க வேண்டும்? மோசடிக்காரர்கள் முகவரியின் தொடக்கத்தில் 'யுஐடிஏஐ டாட் கவ் டாட் இன்' என்று போட்டுவிட்டு, அதை ஒட்டி இன்னொரு புள்ளியோ சிறு கோடோ வைத்து, கடைசியில் தங்கள் பெயரைச் சேர்த்துவிடுவார்கள். இடமிருந்து படிப்பவர் முதலில் தெரிவதைப் பார்த்துவிட்டு நம்பிவிடுவார்.

எழுத்துகளிலும் ஏமாற்று உண்டு. ஆங்கிலத்தில் 'ஆர்', 'என்' என்ற இரண்டு சிறிய எழுத்துகளை ஒட்டி எழுதினால் 'எம்' போலத் தெரியும். சிறிய 'எல்' எழுத்தும் 1 என்ற எண்ணும் சில எழுத்துருக்களில் ஒரே மாதிரி இருக்கும். சந்தேகம் வந்தால் முகவரியை நீங்களே கையால் டைப் செய்துவிடுங்கள்.

'பூட்டுப் படம் இருக்கே, அப்புறம் என்ன?' என்று கேட்கலாம். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது என்பதுதான் பூட்டுக்கு அர்த்தம். அந்தத் தளம் யாருடையது, நல்லதா கெட்டதா என்று அது சொல்லாது. மோசடித் தளங்களிலும் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் பூட்டு இருக்கிறது என்று கூகுளே சொல்லி, 2023-ல் குரோம் பிரவுசரிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டு வேறு ஐகானை வைத்தது.

எந்தப் பக்கத்தைச் சேமிப்பது?

லாகின் செய்து உள்ளே போன பிறகு வரும் பக்கத்துக்கு ஷார்ட்கட் போடாதீர்கள். அந்த முகவரி பல நேரம் அந்த ஒரு முறைக்கு மட்டும் செல்லுபடியாகும். மறுநாள் கிளிக் செய்தால் 'செஷன் முடிந்துவிட்டது' என்று வரும். அப்போது எரிச்சலில் மறுபடியும் கூகுளுக்குத்தான் போவோம். தளத்தின் முகப்புப் பக்கத்தையோ லாகின் பக்கத்தையோ சேமிப்பதுதான் சரி.

ஷார்ட்கட் போட நான்கு வழிகள்

1. மவுஸால் இழுத்துப் போடுவது

குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் செய்யக்கூடிய எளிய வழி இது.

சரியான பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். பிரவுசர் ஜன்னல் திரை முழுவதையும் அடைத்திருந்தால், வலது மேல் மூலையில் உள்ள நடுப் பொத்தானை அழுத்திச் சிறிதாக்குங்கள். பின்னால் டெஸ்க்டாப் கொஞ்சம் தெரிய வேண்டும். இப்போது முகவரிக்கு இடது பக்கத்தில் ஒரு சின்ன ஐகான் இருக்கும். எட்ஜ், ஃபயர்பாக்ஸில் பூட்டு. குரோமில் இரண்டு சின்னக் கோடுகளும் வட்டங்களும் சேர்ந்தது மாதிரி ஒரு படம். அதன் மேல் மவுஸின் இடது பொத்தானை அழுத்திப் பிடித்தபடி இழுத்துக்கொண்டு வந்து டெஸ்க்டாப்பில் விடுங்கள். ஷார்ட்கட் தயார்.

இப்படிப் போடும் ஷார்ட்கட், உங்கள் கம்ப்யூட்டரில் எந்த பிரவுசர் 'டீஃபால்ட்' ஆக இருக்கிறதோ அதில் திறக்கும்.

2. குரோம் மெனு வழியாக

வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்து, 'காஸ்ட், சேவ் அண்ட் ஷேர்' என்பதற்குள் போனால் 'கிரியேட் ஷார்ட்கட்' இருக்கும். பழைய குரோமில் இது 'மோர் டூல்ஸ்' என்பதற்குள் இருக்கும். பெயர் கேட்கும், கொடுத்துவிட்டு 'கிரியேட்' அழுத்தினால் டெஸ்க்டாப்பில் வந்துவிடும். தளத்தின் சொந்த லோகோவே ஐகானாக வருவது இதில் ஒரு வசதி. இந்த ஷார்ட்கட் எப்போதும் குரோமில்தான் திறக்கும்.

சில பதிப்புகளில் 'ஓபன் ஆஸ் விண்டோ' என்று ஒரு கட்டம் இருக்கும். 'இன்ஸ்டால் பேஜ் ஆஸ் ஆப்' என்று தனியாகவும் ஒரு வசதி உண்டு. இவற்றைத் தேர்ந்தெடுத்தால் தளம் ஒரு ஆப் மாதிரி தனி ஜன்னலில் திறக்கும். மேலே முகவரிப் பட்டை இருக்காது. மின்னஞ்சல், பாட்டு, செய்தித் தளங்களுக்கு இது வசதிதான். வங்கித் தளங்களுக்கு வேண்டாம். பாஸ்வேர்ட் போடும் இடத்தில் முகவரி கண்ணுக்குத் தெரிவதுதான் நல்லது.

3. டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து

எந்த விண்டோஸ் கம்ப்யூட்டரிலும், எந்த பிரவுசர் இருந்தாலும் இந்த வழி வேலை செய்யும். டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து, 'நியூ', பிறகு 'ஷார்ட்கட்' என்று போங்கள். வரும் பெட்டியில் முகவரியை 'எச்டிடிபிஎஸ்' உட்பட முழுமையாக டைப் செய்து 'நெக்ஸ்ட்' அழுத்தவும். அடுத்த பெட்டியில் ஒரு பெயர் கொடுத்து 'ஃபினிஷ்' அழுத்தவும்.

பாஸ்புக்கிலோ அரசுக் கடிதத்திலோ அச்சிட்ட முகவரி கையில் இருந்தால் இதுதான் சிறந்த வழி. தேடலுக்கே போக வேண்டியதில்லை. போட்டவுடன் ஒரு முறை கிளிக் செய்து, சரியான பக்கம் திறக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில்

சஃபாரி பிரவுசரில் முகவரியைக் கிளிக் செய்து, அதை அப்படியே இழுத்து டெஸ்க்டாப்பில் விட்டால் போதும். 2023-ல் வந்த மேக் ஓஎஸ் சொனோமாவிலிருந்து 'ஃபைல்' மெனுவில் 'ஆட் டு டாக்' என்ற வசதியும் இருக்கிறது. அது தளத்தைக் கீழே உள்ள டாக் பட்டையில் தனி ஆப்பாக வைக்கும்.

பெயரும் இடமும்

ஷார்ட்கட்டின் மேல் ரைட் கிளிக் செய்து 'ரீநேம்' கொடுத்தால் பெயரை மாற்றலாம். தமிழிலேயே எழுதலாம். வீட்டில் அப்பா, அம்மா பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் 'பேங்க்', 'ரயில் டிக்கெட்', 'கரண்ட் பில்', 'கேஸ் புக்கிங்' என்று அவர்கள் வீட்டில் சொல்கிற பெயரையே வைத்துவிடுங்கள். 'பேங்க் வேலைக்கு கூகுள் போகாதீங்க, இந்த ஐகானை மட்டும் அமுக்குங்க' என்று சொல்வது எளிது. அவர்களுக்கு நினைவில் வைத்துக்கொள்வதும் எளிது. போலி முகவரியைக் கண்டுபிடிக்க அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைவிட இது சீக்கிரம் பலன் தரும்.

பத்து ஜன்னல்கள் திறந்து கிடக்கும்போது டெஸ்க்டாப்பைப் பார்க்க, விண்டோஸ் கீயையும் ஆங்கில 'டி' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். எல்லாம் ஒரே நொடியில் கீழே போய்விடும்.

ஒரு எச்சரிக்கை: ஐம்பது ஷார்ட்கட் போட்டு டெஸ்க்டாப்பை நிரப்பினால், மறுபடியும் தேடத்தான் தோன்றும். பணமும் அடையாள ஆவணமும் சம்பந்தப்பட்ட ஐந்தாறு தளங்கள் போதும். மற்றவற்றை பிரவுசரின் புக்மார்க்கில் வைத்துக்கொள்ளலாம்.

போட்ட பிறகு மறந்துவிடலாமா?

கூடாது. முகவரிகள் மாறும். வருமான வரித் துறை 2021 ஜூன் 7-ல் புதிய இ-ஃபைலிங் தளத்தைத் தொடங்கியபோது முகவரியே மாறிப்போனது. இப்போது வங்கிகளின் 'டாட் பேங்க் டாட் இன்' மாற்றத்தால், நீங்கள் சில வருடங்களுக்கு முன் போட்ட வங்கி ஷார்ட்கட்டில் பழைய முகவரிதான் இருக்கும்.

பழைய முகவரியைக் கிளிக் செய்தால் புதிய இடத்துக்குத் தானாகவே கொண்டுபோய் விடும் ஏற்பாடு பொதுவாக இருக்கும். அதற்காகப் பழையதையே வைத்திருக்க வேண்டாம். வங்கியின் புதிய முகவரியை உறுதி செய்துகொண்டு, பழைய ஷார்ட்கட்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

ஷார்ட்கட் காப்பாற்றாத இடங்கள்

அடுத்தவர் கம்ப்யூட்டர்: பிரவுசிங் சென்டர், அலுவலகம், கல்லூரி லேப் போன்ற இடங்களில் டெஸ்க்டாப்பில் யாரோ போட்டு வைத்த ஷார்ட்கட்டை நம்பி பாஸ்வேர்ட் போடாதீர்கள். 'பேங்க்' என்று பெயர் இருக்கும். உள்ளே எந்த முகவரி இருக்கிறது என்று வெளியே தெரியாது. ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போனால் பெரும்பாலும் முகவரியைப் பார்த்துவிடலாம்.

மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் ஷார்ட்கட்: ஷார்ட்கட் ஃபைல்களை மோசடிக்கும் பயன்படுத்துகிறார்கள். விண்டோஸின் பாதுகாப்பு எச்சரிக்கையை இன்டர்நெட் ஷார்ட்கட் ஃபைல் மூலமாகவே தாண்டிப்போக வழி தந்த ஒரு குறையை மைக்ரோசாஃப்ட் 2024 பிப்ரவரியில் சரிசெய்தது. அதற்குள் தாக்குதல்காரர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். ஆகவே, ஷார்ட்கட்டை நீங்களே உருவாக்குங்கள். யார் அனுப்பினாலும் திறக்காதீர்கள். விண்டோஸ் அப்டேட்டையும் தள்ளிப் போடாதீர்கள்.

கஸ்டமர் கேர் எண்கள்: வெப்சைட்டுக்கு ஷார்ட்கட் வைத்துவிட்டு, ஏதாவது சிக்கல் என்றதும் உதவி எண்ணை கூகுளில் தேடினால் பழைய கதைதான். அந்த எண்ணையும் நீங்கள் சரிபார்த்த தளத்துக்குள்ளேயே தேடி எடுங்கள். வங்கி என்றால் டெபிட் கார்டின் பின்பக்கத்திலும் பார்க்கலாம்.

செல்போனில்?

ஆண்ட்ராய்டு குரோமில் மூன்று புள்ளிகளைத் தொட்டு 'ஆட் டு ஹோம் ஸ்கிரீன்' கொடுத்தால், தளத்தின் ஐகான் போன் திரையில் வந்துவிடும். ஐபோன் சஃபாரியில் 'ஷேர்' பொத்தானுக்குள் இதே பெயரில் இருக்கும். முகவரியைச் சரிபார்க்கும் விதிகள் போனுக்கும் அப்படியே பொருந்தும். வங்கிக்கு மட்டும், பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரிலிருந்து எடுத்த வங்கியின் சொந்த ஆப் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஆப்பை எடுக்கும் லிங்க்கையும் வங்கியின் தளத்திலிருந்தே போய் எடுப்பது பாதுகாப்பு.

ஏமாந்துவிட்டால்?

தப்பான பக்கத்தில் பாஸ்வேர்டோ ஓடிபியோ கொடுத்து, பணம் போய்விட்டது என்று தெரிந்தால், உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். நாடு முழுவதற்கும் இதே எண்தான். 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்திலும் புகார் கொடுக்கலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தகவல் போனால்தான் அதை முடக்கி வைக்க வாய்ப்பு. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அதே நேரத்தில் வங்கிக்கும் சொல்லி, கணக்கையும் கார்டையும் முடக்கி, பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பதால் மோசடி செய்தவருக்குத்தான் நேரம் கிடைக்கிறது.

டெஸ்க்டாப்பில் போடும் ஷார்ட்கட்களில் ஒன்றை இந்த சைபர்கிரைம் புகார் தளத்துக்கும் ஒதுக்குங்கள். பதற்றத்தில் இருக்கும்போதுதான் நாம் அவசரமாகத் தேடுவோம்; தேடலில் வரும் முதல் லிங்க்கை யோசிக்காமல் அமுக்குவதும் அப்போதுதான்.